இளம் பெருவிண்மீனின் தாரை: ஸ்பெக்ட்ரல் இண்டெக்ஸ் எடுப்பது எப்படி?

இளம் பெருவிண்மீன் ஒன்று பீய்ச்சும் வாயுத் தாரையின் ஸ்பெக்ட்ரல் இண்டெக்ஸை, அதாவது அதிர்வெண் கூடக்கூட ரேடியோ ஒளி எவ்வளவு மாறுகிறது என்று சொல்லும் ஆல்ஃபாவைக் கணக்கிட்டு, மைனஸ் 0.9 என்று விடை வந்ததும் இரண்டு நாள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தாரையில் சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சைப் (காந்தப்புலத்தில் அதிவேகமாகச் சுழலும் எலக்ட்ரான்கள் தருவது) பிடித்துவிட்டேன் என்ற நினைப்பு. கடைசியில் பார்த்தால் எல்லாம் என் சொதப்பல்.

தரவை இறக்கி, கேலிபரேட் செய்து, காசா என்ற ரேடியோ வானியல் மென்பொருளில் படம் எடுக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

தாரையில் உள்ள அயனி வாயு வெப்பக் கதிர்வீச்சைத் தந்தால், கூம்பாக விரியும் தாரைக்கு ஆல்ஃபா 0.6 பக்கம் வரும். மைனஸ் 0.1க்குக் கீழே தெளிவாக இறங்கினால்தான் சிங்க்ரோட்ரான் பேச்சே. தனுசு ராசியில் உள்ள எச்எச் 80-81 என்ற தாரையில் இரண்டும் உண்டு: மையத்தில் நேர்மம், வெளி முடிச்சுகளில் எதிர்மம். அங்கும் 2010இல் விஎல்ஏ என்ற ரேடியோ தொலைநோக்கி வரிசை மூலம் 6 செ.மீ. அலைநீளத்தில் முனைவாக்கம் (அலைகள் ஒரே திசையில் அதிர்வது, சிங்க்ரோட்ரானின் அடையாளம்) கண்ட பிறகே சந்தேகம் தீர்ந்தது.

கணக்கு சுலபம். ஃப்ளக்ஸ், அதாவது வந்து சேரும் ரேடியோ ஒளியின் அளவு, 1.5 கிகாஹெர்ட்ஸில் (அலைநீளம் 20 செ.மீ.) 2 மில்லிஜான்ஸ்கி, 5இல் (6 செ.மீ.) 4.1 என்று வையுங்கள். ஃப்ளக்ஸ் விகிதத்தின் லாகை அதிர்வெண் விகிதத்தின் லாகால் வகுத்தால் 0.6. இரண்டு ஃப்ளக்ஸிலும் 10 சதவீதம் பிழை என்றால் ஆல்ஃபாவின் பிழை 0.12.

இனிதான் வில்லங்கம். விஎல்ஏவின் மிக விரிந்த ஏ அமைப்பில் ஆன்டெனாக்களுக்கு இடையே குறைந்தது 680 மீட்டர், அதிகம் 36.4 கிலோமீட்டர். அலைநீளக் கணக்கில் 20 செ.மீ.க்கு இது 3,400 முதல் 1,82,000 வரை, 6 செ.மீ.க்கு 11,300 முதல் 6,07,000 வரை. பரந்த ஒளியைப் பிடிப்பது சின்ன எண்கள்தான்; அவை இல்லாததால் 6 செ.மீ. படத்துக்குப் பரந்த ஒளி கண்ணிலேயே படாது. அந்த ஃப்ளக்ஸ் காணாமல் போக, ஆல்ஃபா பொய்யாகச் சரியும். எனக்கு நடந்தது இதுதான்.

அதனால் காசாவில் படம் எடுக்கும் டீகிளீன் கட்டளையில் இரண்டு படத்துக்கும் யூவி ரேஞ்ச் (எடுத்துக்கொள்ளும் ஆன்டெனா இடைவெளிகளின் எல்லை) இரண்டுக்கும் பொதுவான 11.3 முதல் 182 கிலோலாம்டா (ஆயிரம் அலைநீளங்கள்) என்று ஒரே மாதிரி கொடுங்கள். பிக்சல் அளவும் மையமும் ஒன்றாக இருக்கட்டும். அப்புறம் இம்ஸ்மூத் கட்டளை போட்டு இரண்டையும் ஒரே பீமுக்கு (படத்தின் கூர்மை அளவு) கொண்டுவாருங்கள். பீமை மட்டும் சமப்படுத்தினால் போதாது. தொலைந்த ஃப்ளக்ஸ் அதனால் திரும்பி வராது. இப்படிச் செய்ததும் என் மைனஸ் 0.9, பிளஸ் 0.4 ஆகிவிட்டது!

படம் பார்க்க எனக்கு கார்ட்டா என்ற மென்பொருள்தான் பிடிக்கும். காசாவின் பழைய வியூவர் பொறுமையைச் சோதிக்கும்.

பின்சேர்க்கை: ஆல்ஃபா படத்தில் தாரையைச் சுற்றி மைனஸ் 3, மைனஸ் 4 என்று வளையம் வருகிறது என்று இருவர் கேட்டார்கள். அது வெறும் இரைச்சல். இரண்டு படத்திலும் 5 சிக்மாவுக்குக் (இரைச்சல் அளவின் ஐந்து மடங்கு) கீழே உள்ள பிக்சல்களை மறைத்துவிட்டு மறுபடி வகுத்துப் பாருங்கள்.