பேய் என்றால் கோப்பை: சீனம் கதைக்கப் பழகுவது எப்படி?

இலங்கை மலைநாட்டு எல்லவில் ஒரு தேயிலைக் கடையில் நிற்கிறேன். சீனப் பயணிகள் வந்தால் முன்பெல்லாம் கல்குலேட்டரை நீட்டுவதோடு சரி. இப்போது மாண்டரினில், அதாவது சீனப் பொதுமொழியில், விலை சொல்லுமளவுக்கு வாய் வருகிறது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் போன வழியைச் சொல்கிறேன். எழுத்துப் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம்.

படி 1: தொனி

சீனத்தில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லின் பொருளே மாறும். அந்த ஏற்ற இறக்கம்தான் தொனி, மொத்தம் 4. முதலாவது, ரயில் ஊதுவதுபோல் ஒரே உயரத்தில் நீளும். இரண்டாவது, எதிர்மலையிலிருந்து யாரோ கூப்பிட, "ஆங்?" என்று கேட்போமே, அப்படி ஏறும். மூன்றாவது, கடன் கேட்டவருக்கு அரைமனசாய் "ம்ம்..." என்பதுபோல் அடித்தொண்டையில் தாழும். நான்காவது, நாயை "சீ!" என்று விரட்டுகிற வெட்டு.

இதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டால் என்னைப்போல் மாட்டுவீர்கள். "மாய்" மூன்றாம் தொனியில் வாங்குவது, நான்காம் தொனியில் விற்பது. "வோ மாய் ச்சா", நான் தேயிலை விற்கிறேன் என்று சொல்ல வந்து, குரலைத் தாழ்த்திவிட்டேன். கடைக்கு வந்திருந்த சீன அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் பையிலிருந்த தேயிலைப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

படி 2: மூச்சு

வாய்க்கு முன்னால் பில் துண்டைப் பிடித்துக்கொண்டு "பேய்" என்று சொல்லுங்கள். நம் பேயேதான். தாள் அசையாது. முதல் தொனியில் அதுதான் கோப்பை. தாள் பறக்கக் காற்றைத் தள்ளிச் சொன்னால் "தூ!" என்று துப்புகிற சொல்லாகிவிடும். "ச்சா"வுக்கோ காற்று வேண்டும், நாக்கு நுனியும் கொஞ்சம் மடிய வேண்டும். ழகரம் வருகிறவருக்கு அது கஷ்டமில்லை.

படி 3: எண்

யீ, அர், சான், ஸ், வூ, லியோ, ச்சீ, பா, ஜியோ, ஷ. 10க்கு மேல் தமிழ் வழிதான்: பதினொன்று "ஷ யீ", இருபது "அர் ஷ". ஆனால் இரண்டு கோப்பை என்று எண்ணிச் சொல்லும்போது "அர்" வராது, "லியாங் பேய்".

படி 4: உங்கள் மேசைக்கு வேண்டிய பத்தே வசனத்தை நீங்களே தெரிந்தெடுங்கள்

"துவோ ஷாவ் ச்சியென்?" என்றால் எவ்வளவு என்று கேட்கிறார்கள். தமிழில் நான் எழுதியிருப்பது கிட்டத்தட்டதான். மொழிபெயர்ப்புச் செயலியில் ஒலியைப் போட்டு, கூடவே சொல்லி, போனில் பதிந்து கேளுங்கள்.

நம் கறுப்புத் தேயிலை அவர்களுக்குச் சிவப்பு: "ஹோங் ச்சா", இரண்டு அசையும் ஏறும். கறுப்பு என்று அப்படியே மாற்றி "ஹெய் ச்சா" என்றால், அது நொதிக்கவைத்த வேறொரு வகை.

கதை வளர்க்க ஆசை வந்தால், தேத்தண்ணியில் இருக்கிற "தே" அவர்களுடைய ஃபுஜியான் கரையோரப் பேச்சிலிருந்து கப்பலேறிய சொல் என்று சொல்லலாம். அந்த வசனம் எனக்கே இன்னும் வாயில் நிற்கவில்லை.