கோயிலை ‘குரொஸ்’ பண்ணச் சொல்லாதீர்கள்: மலையகத்தில் வழி சொல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்ல, அப்புத்தளைப் பக்கம் வெள்ளைக்காரருக்கு வழி சொல்லாத ஆட்டோக்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கண்டியில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற பெக்கோ ட்ரெயில் நடைபாதை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. போகிற வழியெல்லாம் தோட்டங்கள். அதனால் லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) வாசலில் விளையாடும் பிள்ளையிடமும் யாராவது வந்து வழி கேட்கிறார்கள். நம் ஆட்கள் கூச்சப்படாமல் ஆங்கிலத்தில் பதில் சொல்வது நல்ல விஷயம். பிழை வந்தால் என்ன, வரட்டும். ஆனால் சில பிழைகள் காதை மட்டும்தான் உறுத்தும். வேறு சில, இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லாமல், ஆளைத் தப்பான பக்கம் அனுப்பிவிடும். பள்ளிக்கூடத்தில் சிவப்புப் பேனை முதல் வகையைத்தான் தேடிப் பிடிக்கும். இரண்டாவது வகையை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதில் முதலாவது ‘குரொஸ்’. கோயிலைத் தாண்டி இடது பக்கம் திரும்பு என்று மனதில் நினைத்து, ‘குரொஸ் த கோவில்’ என்கிறோம். தமிழில் ஆற்றையும் தாண்டலாம், கோயிலையும் தாண்டலாம். ஆங்கிலத்தில் குரொஸ் என்றால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவது. ரோட்டுக்கும் ஆற்றுக்கும் பாலத்துக்கும் பொருந்தும். கோயிலுக்குச் சொன்னால், முன்வாசலால் நுழைந்து பின்வாசலால் வா என்பது போல் ஆகிவிடும். ‘கோ பாஸ்ட் த டெம்பிள்’ என்றால் போதும்.

அடுத்தது, ஆங்கிலம்தானே என்று நம்பி நாம் எடுத்து விடுகிற தோட்டத்துச் சொற்கள். இவைதான் உண்மையான கண்ணி. தேயிலைத் தொழிற்சாலையை நாம் ஸ்டோர் என்கிறோம். ‘ஸ்டோரைத் தாண்டிப் போ’ என்று கேட்ட பயணி தண்ணீர்ப் போத்தல் வாங்கலாம் என்ற ஆசையோடு கடையைத் தேடுவார்; தொழிற்சாலைக்கு முன்னாலேயே நின்றுகொண்டு தேடுவார். அவருக்கு அது ‘ஃபெக்டரி’. லயத்தை ‘லைன்’ என்று சொன்னால், மலைநாட்டில் நடக்கிறவருக்கு நினைவு வருவது ரயில் பாதை. ‘லைன் ஹவுசஸ்’ என்று முழுதாகச் சொல்லுங்கள். அப்புறம் மலை. அம்மா மலைக்குப் போயிருக்கிறார் என்றால் கொழுந்து பறிக்கப் போயிருக்கிறார் என்று நமக்குத் தெரியும். அதையே ‘மவுண்டன்’ என்று போட்டால், அம்மா சிகரம் ஏறப் போயிருக்கிறார் என்று விருந்தாளி அசந்து போவார். ‘டீ ஃபீல்ட்’ என்பதே சரி.

‘ட்ரெக்’ (track) என்ற சொல் இரண்டுக்கும் வரும்: ஒன்று ஒற்றையடிப் பாதை, மற்றது தண்டவாளம். எல்லவில் ‘ஃபொலோ த ட்ரெக்’ என்று கையைக் காட்டினால் அவர் சிலிப்பர் கட்டை மேல் நடக்கத் தொடங்கினாலும் ஆச்சரியமில்லை. வளைவும் பனிமூட்டமும் உள்ள பாதையில் அது விளையாட்டல்ல. காலடிப் பாதைக்கு ‘ஃபுட்பாத்’ அல்லது ‘ட்ரெயில்’, தண்டவாளத்துக்கு ‘ரெயில்வே ட்ரெக்’ என்று பிரித்துச் சொல்லிப் பழக வேண்டும்.

ஆட்டோ ஓட்டுகிற தம்பிமாருக்கு ஒன்று. ‘ஐ வில் ரைட் யூ’ வேண்டவே வேண்டாம். உன் மேல் ஏறிச் சவாரி செய்கிறேன் என்று அர்த்தமாகிவிடும். ‘ஐ வில் டேக் யூ’ என்பதில் ஒரு வம்பும் இல்லை. பஸ்ஸிலிருந்து ‘கெட் டவுன்’ என்பது இலங்கை முழுக்கப் புழங்குகிறது, வெளியூர்க்காரருக்கும் விளங்கும்; அவர்கள் பழகியது பஸ், ரயிலுக்கு ‘கெட் ஒஃப்’, காருக்கும் ஆட்டோவுக்கும் ‘கெட் அவுட்’. நாயை விரட்டுகிற தொனியில் சொல்லாதவரை அந்தக் ‘கெட் அவுட்’டில் தப்பில்லை.

பயணம் என்ற நம் ஒரு சொல்லுக்கு அங்கே நாலைந்து சொற்கள். ‘டிராவல்’ பொதுவாகப் பயணம் செய்வது. அதை ‘ஏ டிராவல்’ என்று எண்ண முடியாது. ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய்ச் சேரும் பயணம் ‘ஜேர்னி’. போய், தங்கி, சுற்றிப் பார்த்து, திரும்பி வருவது முழுவதும் சேர்ந்து ‘ட்ரிப்’. பதுளை ரயிலில் பல மணி நேரம் நின்றுகொண்டே வந்தவரிடம் ‘ஹவ் வோஸ் த ஜேர்னி’ என்று கேட்டால் ரயில் கதையைச் சொல்வார். ட்ரிப் என்று கேட்டால் நீர்கொழும்பில் கால் வைத்த நாளிலிருந்து ஆரம்பிப்பார். ‘டுவர்’ பல இடங்களைச் சுற்றி வருவது. ‘வோயேஜ்’ கடலுக்கும் விண்வெளிக்கும் உரியது. ஹட்டன் பஸ்ஸுக்கு அது ரொம்ப அதிகம்.

‘பை வோக்’ பற்றி எல்லா ஆசிரியர்களும் சொல்லி அலுத்துவிட்டார்கள். பை பஸ், பை ட்ரெயின் சரி. நடந்து வந்தால் ‘ஒன் ஃபுட்’. சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம், யாருக்கும் விளங்காமல் போகாது.

அறிவிப்புப் பலகை எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ‘ட்ரெக்கிங்’ (trekking). கேட்பவர் மனதில் அது நாள் கணக்கில், கரடுமுரடான வழியில், மூட்டையும் முடிச்சுமாகப் போவது. எல்லவில் உள்ள குட்டி சிவனொளிபாத மலைக்குக் காலையில் போய்ச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம், அது ‘வோக்’. ஹோர்ட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ என்ற மலைவிளிம்பு வரை போய்ச் சுற்றி வருகிற சுமார் 9 கிலோமீற்றரை ‘ஹைக்’ என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பிரித்தானியர் நாள் முழுக்க மலையில் நடப்பதையும் வோக் என்றே சொல்வார்கள், அமெரிக்கருக்கு அது ஹைக். 2,243 மீற்றர் உயரச் சிவனொளிபாத மலைக்கு ‘கிளைம்ப்’ என்ற சொல்லே வழக்கம். நல்லதண்ணிப் பக்கமிருந்து 5,000க்கு மேற்பட்ட படிகள், கயிறு ஒன்றும் தேவையில்லை. சாமி கும்பிடப் போகிறவர்களுக்கு ‘பில்கிரிமேஜ்’.

நேரம் சொல்லும்போது ‘ஏ டூ அவர்ஸ் வோக்’ என்று அந்த ‘ஸ்’ஸை ஒட்டாதீர்கள், ‘ஏ டூ அவர் வோக்’. அதை விடப் பெரிய பிழை கணக்கில் இருக்கிறது. தினமும் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்குகிற நமக்குக் குறுக்கால் போனால் பத்து நிமிடம். கமராவும் பையுமாக, மூச்சு வாங்கி, ஒவ்வொரு வளைவிலும் படம் எடுத்துக்கொண்டு வருகிறவருக்கு அது அரை மணி நேரம். ‘ஜஸ்ட் ஃபைவ் மினிட்ஸ்’ என்று வாயில் வருவதைச் சொல்லாமல் கிலோமீற்றரையும் ஏற்றமா இறக்கமா என்பதையும் சொல்லுங்கள்: ‘டூ கிலோமீற்றர்ஸ், ஓல் அப்ஹில்’. மழை இருட்டிக்கொண்டு வந்தால் அதையும் சேர்த்துச் சொல்லி, ஆட்டோ வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.