வாட்டர் ஃபில்டருக்கு எந்தக் கரி?

குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை தூக்கலாக இருக்கிறதா? அதற்கு ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது நுண்துளைகள் திறக்கும்படி பதப்படுத்திய கரி, போதும். ஆனால் "கார்பன் கேட்ரிட்ஜ் கொடுங்க" என்று மட்டும் கேட்காமல், எதில் செய்த கரி என்றும் கேளுங்கள்.

கொட்டாங்குச்சியைக் கரியாக்கி, 800 டிகிரிக்கு மேல் சூட்டில் நீராவி செலுத்தினால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறக்கும். ஒரு கிராம் கரிக்குள்ளேயே சுமார் 1000 சதுர மீட்டர் பரப்பு, ஏறக்குறைய கால் ஏக்கர்! அழுக்கு இதில் ஊறுவதில்லை, துளைச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. குளோரின் மட்டும் கரியோடு வினைபுரிந்து குளோரைடாகிவிடும்.

கொட்டாங்குச்சிக் கரியின் துளைகள் மிக நுண்ணியவை. குளோரினுக்கும் வாடைக்கும் என் தேர்வு அதுதான், காங்கேயம் பக்கம் நிறையவே தயாராகிறது. மரத்தில் செய்ததற்குத் துளை பெரிது. நிறம் நீக்கத்தான் அது உகந்தது.

உறையில் அயோடின் எண் (கரி எவ்வளவு ஒட்டவைத்துக்கொள்ளும் என்பதைக் காட்டும் அளவு) 900-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக மாட்டியதும் தண்ணீர் கறுப்பாக வரும், தெளியும்வரை கொட்டிவிடுங்கள்.

போர் தண்ணீரின் உப்பையும் கடினத்தன்மையையும் கரி தொடவே தொடாது. அதை நம்பி ஏமாறாதீர்கள். பழைய கேட்ரிட்ஜை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவதும் வேண்டாம். ஒட்டிய அழுக்கு அந்தச் சூட்டுக்கு விடாது, உள்ளே கிருமிகளும் வளர்ந்திருக்கும்.