ரயிலும் லாரியும் கைமாறும் இடத்தில் செய்யக் கூடாதவை

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பி நம்ம வாலாஜா ரோட்டுக்குத்தான் வந்தது. அன்று ஸ்டேஷன் வரை சரக்கைக் கொண்டுவந்தது மாட்டு வண்டி, இன்று லாரி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலிருந்து வடக்கே தோல் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு நஷ்டம் வருவது பெரும்பாலும் ஓட்டத்தில் அல்ல, லாரிக்கும் ரயிலுக்கும் இடையே சரக்கு கைமாறும் இடத்தில்.

ரயில் வாடகையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இரண்டு முனையிலும் லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி எல்லாம் சேர்த்துப் பாருங்கள். வேலூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர் சொச்சம். அதற்கு நேர் லாரியே போதும். டெல்லி இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அங்கேதான் ரயிலுக்கு வேலை.

பெரிய தவறு, பெட்டிகளை உதிரியாக அனுப்புவது. தொழிற்சாலையில் ஏற்றி, கூட்ஸ் ஷெட்டில் (ஸ்டேஷனில் சரக்கு ஏற்றி இறக்கும் இடம்) இறக்கி, வேகனில் ஏற்றி, அங்கே இறக்கி, லாரியில் ஏற்றி, கடையில் இறக்கி என்று ஆறு முறை கை படும். ஒருமுறை நாங்கள் அனுப்பிய ஷூ லோடில் அத்தனை அட்டைப்பெட்டியும் ஒரே மூலையில் நசுங்கியிருந்தது. இறக்கும்போதெல்லாம் அந்த மூலையைத்தான் தரையில் ஊன்றியிருக்கிறார்கள். கன்டெய்னரில் போட்டு வாசலிலேயே சீல் வைத்துவிட்டால், கிரேன் கன்டெய்னரையே தூக்கும், சரக்கை யாரும் தொடமாட்டார்கள். கொங்கன் ரயில்வே 1999 முதல் லோடு லாரியையே வேகனில் ஏற்றிக்கொண்டு போகிறது. காட்பாடி வழியாகவும் அப்படி ஒன்று வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சரி, கன்டெய்னர் என்றதும் லாரிக்குக் கட்டுவது போலவே கட்டிவிடக் கூடாது. ஷண்டிங்கில், அதாவது வேகன்களைப் பிரித்துக் கோக்கும்போது, வேகன் முன்னும் பின்னும் இடிபடும். உள்ளே இடைவெளி இருந்தால் லோடு முழுக்கக் கதவுப் பக்கம் சரிந்துவிடும். காற்றுப் பையோ மரக்கட்டையோ வைத்து அடையுங்கள். சரியாகக் காயாத தோலை ஏற்றவே ஏற்றாதீர்கள். பகல் வெயிலில் கிளம்பும் ஈரம் ராத்திரி குளிரில் கூரைத் தகட்டில் முத்து முத்தாகக் கோத்துத் தோல்மேல் சொட்டும், பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போடுங்கள்.

லாரியிலிருந்து ரயிலுக்கு மாறும்போது ஈ-வே பில்லில் (ஜிஎஸ்டி சரக்குச் சீட்டு) வண்டி விவரம் இருக்கும் 'பார்ட் பி'யைத் திருத்த மறக்காதீர்கள். சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் அந்தப் பில் செல்லும்.

அப்புறம், சரக்கு போய்ச் சேரும் ஊரில் எடுக்க வேண்டிய லாரி. சரக்கு வந்த பிறகு தேடினால், இலவச நேரம் தாண்டி ஷெட்டில் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வார்ஃபேஜ் என்ற தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். அந்த ஊர் லாரிக்காரரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள். ஹோலி வாரமென்றால் இன்னும் முன்னாடியே; லோடுமேன்கள் ஊருக்குப் போயிருப்பார்கள்.