கரண்ட் வந்ததும் ராஸ்பெர்ரி பை தானாக வேலையைத் தொடங்க ஒரே வரி

ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஆன் ஆகும்போதெல்லாம் உங்கள் புரோகிராமும் தானாக ஓட வேண்டுமா? டெர்மினலில் க்ரான்டாப் என்று அடித்து, இடைவெளி விட்டு மைனஸ் இ போடுங்கள். திறக்கும் கோப்பின் கடைசியில் அட் குறி ஒட்டிய ரீபூட், அப்புறம் ஸ்லீப் 60, இரண்டு ஆம்பர்சாண்ட், அதன்பின் புரோகிராமின் முழுப் பாதை, எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதிச் சேமித்தால் முடிந்தது.

இந்தக் கோப்பைப் படித்து வேலைகளை ஓட்டும் க்ரான், கணினியோடு சேர்ந்தே எழுந்துகொள்ளும், அதனால் யாரும் லாகின் செய்யத் தேவையில்லை. லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டு முடிந்து கரண்ட் வரும்போது டர்பனின் சாட்ஸ்வர்த்தில் வீட்டில் ஆளே இல்லாவிட்டாலும், கோயில் மண்டபத்தில் பாட்டு போடும் பை என்றாலும், அது பாட்டுக்கு ஓட ஆரம்பித்துவிடும். ஸ்லீப் எதற்கென்றால், பையும் ரவுட்டரும் ஒன்றாகத்தான் உயிர் பெறுகின்றன, ஆனால் பெரும்பாலும் ரவுட்டர்தான் மெதுவாக எழும். பை 4 வரையிலான மாடல்களில் பேட்டரிக் கடிகாரமும் கிடையாது, நெட் வரும்வரை நேரத்தைத் தப்பாகவே காட்டும். உங்கள் ரவுட்டர் சோம்பேறி என்றால் 120 போடுங்கள். முழுப் பாதையை மட்டும் விட்டுவிடாதீர்கள், பாதி பேருக்கு ஓடாமல் போவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

திரையில் ஜன்னல் திறக்கும் புரோகிராமுக்கு இது சரிவராது, அதை டெஸ்க்டாப்பின் ஆட்டோஸ்டார்ட்டில் போட வேண்டும். புரோகிராம் நடுவில் செத்துப்போனாலும் க்ரான் மறுபடி எழுப்பாது. அதற்கு, பின்னணியில் புரோகிராம்களை ஓட்டிக் கவனிக்கும் சிஸ்டம்டிக்கு ஒரு சர்வீஸ் கோப்பு எழுதி, ரீஸ்டார்ட் என்ற இடத்தில் ஆல்வேஸ் என்று கொடுங்கள்.