முகட்டில் வளைந்த கூரை: காற்றுச் சுரங்கத்துக்கு மலையையும் அனுப்புங்கள்

இலங்கை மலையகத்தில் அப்புத்தளைப் பக்கம் முகட்டு நிலம் வாங்குகிறவர்கள், கூரை அலைபோல வளைய வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். கட்டலாம். ஆனால் காற்றுச் சுமையைக் கையேட்டைப் புரட்டி மட்டும் சொல்லச் சொன்னால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

1978 சூறாவளிக்குப் பிறகு வந்த நம் நாட்டுக் கையேட்டில் மலையகம் மூன்றாம் காற்று வலயம். சாதாரண கட்டடத்துக்குக் கணக்கிடும் காற்று வேகம் செக்கனுக்கு 33 மீற்றர். கிழக்குக் கரைக்கு 49. அதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். சரிவேறி வரும் காற்று முகட்டில் வேகமெடுக்கும். வேகம் 1.3 மடங்கானால் சுமை 1.69 மடங்கு. கையேட்டுக் கணக்கெல்லாம் ஒழுங்கான சரிவுக்கும் பெட்டி வடிவக் கட்டடத்துக்கும்தான் சரிவரும்.

ஆகவே காற்றுச் சுரங்கத்தில், அதாவது விசிறியால் காற்றை ஓட்டி மொடலைச் சோதிக்கும் கூடத்தில், அளந்து பார்க்க வேண்டும். முதல் மொடல் மலைக்கு. சுமார் 1:3000 அளவில், சமவுயரக் கோட்டின்படி ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பலகையை வெட்டி அடுக்கி, கட்டடம் வரும் இடத்தில் உயரத்துக்கு உயரம் காற்றின் வேகத்தையும் கொந்தளிப்பையும் அளக்க வேண்டும். அப்புறம்தான் கட்டடம், 1:200 அளவில். மலையில் அளந்த அதே காற்று வரும்படி சுரங்கத்தின் தரையில் கட்டைகளை அடுக்குவார்கள். மொடல், சுரங்கத்தின் குறுக்குவெட்டில் 5 வீதத்துக்கு மேல் அடைக்கக் கூடாது.

அழுத்தம் அளக்கும் ஊசித் துளைகளை எங்கே போடுவது? தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக் கூரையைப் பாருங்கள். கல்லும் பழைய டயரும் ஓரத்தில்தான் இருக்கும், காற்று அங்கேதான் தகரத்தைத் தூக்கும். ஓரத்திலும் மூலையிலும் நெருக்கமாகப் போடுங்கள், நடுவில் கொஞ்சம் போதும். வெளியே நீளும் இறவாரத்தில் மேலும் கீழும் ஒரே புள்ளியில் துளை வேண்டும். மேலே உறிஞ்சுவதும் கீழே தள்ளுவதும் ஒன்றாகச் சேரும் இடம் அது.

வளைந்த பரப்பில் ஒரு சிக்கல் உண்டு. சின்ன மொடலில் காற்று பரப்பை விட்டுப் பிரியும் இடம் நிஜக் கட்டடத்தில் பிரியும் இடமாக இருக்காது. பரப்பைச் சொரசொரப்பாக்கிச் சரிக்கட்டுவார்கள். எப்படிச் செய்தார்கள் என்று கூடத்தாரிடம் விடாமல் கேளுங்கள்.

பிறகு 10 பாகைக்கு ஒருமுறை திருப்பி 36 திசையிலும் அளக்க வேண்டும். கூரைத்தகட்டுக்கான அழுத்தத்தையும் சட்டகத்துக்கான சுமையையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

பக்கத்துத் தோட்டத்துச் சவுக்கு மரங்களையும் மொடலில் வைக்கலாமா என்பார்கள். வைக்கட்டும். ஆனால் மரமில்லாமலும் ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். மரம் தோட்டத்துடையது, எப்போது வெட்டுவார்கள் என்று உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்.