விஸ்கான்சினில் மான் வேட்டைக்கு இடம் தேடுவோருக்கு

விஸ்கான்சின் மாநிலத்துக்குப் புதிதாகக் குடிபெயர்ந்தவர்கள், மான் வேட்டைக்கென நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கும் முன், மாநில இயற்கை வளத்துறையின் இணைய வரைபடத்தில், 1985-ஆம் ஆண்டின் காடு மேலாண்மைச் சட்டப்படி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ள தனியார் காடுகளைத் தேடிப் பாருங்கள். இச்சட்டத்தில் காட்டைப் பதிவு செய்யும் உரிமையாளர் வழக்கமான சொத்து வரிக்குப் பதிலாகக் குறைந்த வரியே செலுத்துகிறார். 2005 முதல் பதிவானவற்றைப் பொதுமக்களுக்கு மூடி வைத்தால் அந்த வரி ஏறத்தாழ 5 மடங்காகிவிடும் என்பதால், பலர் திறந்தே வைத்திருக்கின்றனர். அங்கே நடந்து சென்று வேட்டையாட உரிமையாளரின் அனுமதி தேவையில்லை. வேட்டை உரிமம் மட்டும் கட்டாயம். வரைபடத்தைப் பாராதவர் கண்ணில் இவை எளிதில் படுவதில்லை என்பதே, என் கருத்தில், இவற்றின் பெரிய நன்மை.

மூடியவை எனப் பதிவான காடுகளுக்கும், கட்டடத்திலிருந்தோ மரம் வெட்டும் இடத்திலிருந்தோ 300 அடிக்குள் உரிமையாளர் தடுத்துள்ள பகுதிகளுக்கும் இது பொருந்தாது. அடுத்தவர் நிலத்தைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தால், அவரது அனுமதியை முதலில் பெற வேண்டும். விளைநிலங்கள் மிகுந்த தெற்கு மாவட்டங்களில் இத்தகைய காடுகள் குறைவு. அங்கே பண்ணை உரிமையாளரை நேரில் கேட்பதே வழி.